பல்லைக் காட்டு, உள்ளே வா

வாத்தியார் உத்தியோகம் என்பது பிள்ளைகளின் மண்டைக்குள் எதையாவது ஏற்றுகிற வேலை என்று நம்பித்தான் நானும் வந்தேன். என்னை அவர்கள் வாய்க்குள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். சாக்பீஸ் தூளைத் தின்று காலம் தள்ளும் என் சக வாத்தியார்களே, உங்களுக்கும் இப்படி ஏதாவது வாய்த்திருக்கும்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். பள்ளியைப் பார்வையிட வந்த டெபுடி இன்ஸ்பெக்டர், வாய் நிறைய வெற்றிலையோடு, ஒரு பையனை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார். பையன் வாயைத் திறந்தான். இன்ஸ்பெக்டர் பின்வாங்கிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "அடுத்த தடவை வர்றப்ப பாடம் கேக்க மாட்டேன். பல்லைத்தான் பாப்பேன். அது சுத்தமா இருந்தாத்தான் உமக்கு வேலை நிரந்தரம்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டுப் போனார்.

நிரந்தரம் ஆகாவிட்டால் எனக்குக் குரும்பலூர் மாமனார்தான் கதி. அவர் மாட்டுத் தரகர். மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயது சொல்கிறவர். அவர் பின்னால் சந்தை சந்தையாக அலைந்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நினைத்தாலே எனக்குச் சாக்பீஸ் தூள் சர்க்கரையாக இனிக்கும். ஆகவே பிள்ளைகளின் பல்லில் மும்முரமாக இறங்கினேன்.

கரி வாய்

கடையில் பல்பொடி டப்பா யானை விலை, குதிரை விலை விற்றது. அதனால் வீட்டில் இருப்பதைச் சொன்னேன். நெல் உமியைக் கரியாக்கி, நைசாக இடித்து, கொஞ்சம் உப்பு சேர்த்துப் பல் விளக்கிவிட்டு வாருங்கள் என்றேன். விளக்கிய பிறகு கொப்பளிக்க வேண்டும் என்பதையும் ஒரு வாத்தியார் சொல்லித்தர வேண்டுமா? வேண்டும். மறுநாள் வகுப்பு முழுக்கக் கரி வாயோடு உட்கார்ந்திருந்தது. கொப்பளித்துவிட்டால் விளக்கியதற்குச் சாட்சி ஏது என்பது அவர்கள் கட்சி.

அன்று மத்தியானமே ஒரு தாயார் தன் மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். "நேத்து வரைக்கும் பல்லு மட்டுந்தான் அழுக்கு. இன்னிக்கிச் சட்டை, பாயி, தம்பிப் பய மூஞ்சி எல்லாம் அழுக்கு. இது என்னா சுத்தமுங்க சார்?"

மொட்டை மரம்

கரியைக் கொஞ்சம் ஆறப்போட்டு, வேப்பங்குச்சிக்கு மாறினேன். ஆளுக்கொரு குச்சி ஒடித்து வாருங்கள் என்றதுதான் தாமதம். பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ஒரே வேப்பமரம் மாரியம்மன் கோயில் மரம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் சமயம் பார்த்து அது மொட்டையாக நின்றது. பூசாரி நேரே என் வகுப்புக்கு வந்துவிட்டார்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே!" என்று நான் சமாளித்துப் பார்த்தேன். பூசாரி அசரவில்லை. "அதுல வேம்பு எங்கங்க வருது? ஆலமரம் ஏரிக்கரையில நிக்குது, வேலமரம் காடு பூரா நிக்குது. ஒங்களுக்கு ஆத்தா மரந்தான் கெடைச்சுதா சார்?"

ஆடிய பல்

செல்லமுத்து என்ற பையனுக்கு முன்பல் ஆடியது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து சொந்த வீட்டுக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப் பல் முளைக்கும். அது பள்ளிக்கூடத்தில் விழுந்து தொலைந்துபோனால் ஆயுசுக்கும் பொக்கைவாய்தான் என்று அவனுக்குப் பயம். அதனால் வாயையே திறக்கவில்லை. பேர் கூப்பிட்டாலும் "ம்", பாடம் கேட்டாலும் "ம்". ரொம்ப ஆடுகிறதா பார்க்கலாம் என்று தாஜா பண்ணி விரலை விட்டேன். கடித்தான் பாருங்கள்! எனக்கு ஈரேழு பதினாலு லோகமும் தெரிந்தது.

கடித்த வேகத்தில் பல் கழன்றது. அதைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். பல் கூரையேறுவதைப் பார்க்க வகுப்பே அவன் பின்னால் ஓடியது. காலி வகுப்பில் விரலை உதறிக்கொண்டு நின்ற என்னை ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஒரு பல்லுக்கே லீவா? இத்தினி புள்ளைங்களுக்கும் பால்பல்லு விழுந்து முடியறதுக்குள்ள நான் ரிட்டயரே ஆயிடுவேனே சார்!"

மாமனார் கண்ட காட்சி

விரலில் துணிக்கட்டோடு இருந்த நேரத்தில்தானா மாமனார் வர வேண்டும்? சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். நான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பல் பார்ப்பதைத் தொழில்காரர் கண்ணோடு கவனித்தார். பிறகு என் கட்டைப் பார்த்தார். கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், மனிதர் இரக்கப்பட்டார்.

"மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாதுங்க மாப்ள. இத்தினி வருசமா வாய்க்குள்ள கைய வுட்டுப் பாக்குறேன், ஒண்ணும் கடிச்சதில்ல. பல்லுப் பாக்குறதுதான் பொழப்புன்னு ஆயிடுச்சி, பேசாம எங்கூடயே வந்துருங்களேன்."

சவேரியம்மாள் தர்பார்

அதற்குப் பிறகு யார் வாயிலும் நான் கை வைக்கவில்லை. அந்தப் பொறுப்பை இரண்டாம் வகுப்பு சவேரியம்மாளிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற அதே முகத்தோடு தினமும் காலையில் வாசலில் நிற்பாள். "ஈ காட்டு" என்பாள். அழுக்கு தெரிந்தால் ஒரு வேலங்குச்சியைக் கையில் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு விரட்டுவாள். அவளுக்குப் பயந்தே பிள்ளைகள் வீட்டில் ஒழுங்காக விளக்கினார்கள். வெல்லம் தின்றால் கொப்பளித்தார்கள். அவளுக்குப் பெரியவர், சின்னவர் என்ற பேதமே கிடையாது. காப்பி குடித்துவிட்டு வந்த என்னையே ஒரு நாள் தொட்டிக்கு அனுப்பினாள்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். அதே இன்ஸ்பெக்டர், அதே வெற்றிலை. ஹெட்மாஸ்டர் கும்பிட்டு அழைத்து வருவதற்குள் சவேரியம்மாள் வாசலை மறித்துக்கொண்டாள். "ஈ காட்டுங்க" என்றாள். என்ன நினைத்தாரோ, காட்டிவிட்டார். உள்ளே ஒரே சிவப்பு. "வெளக்கிட்டு வாங்க. அப்பறம் உள்ள வுடுறேன்" என்று குச்சியை நீட்டினாள். ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மாட்டுச் சந்தை தெரிந்தது. துண்டுக்கு அடியில் மாமனாரின் விரல்கூட என் கையில் பட்டது.

இன்ஸ்பெக்டர் அவள் தலைக்கு மேலாக வகுப்பை எட்டிப் பார்த்தார். அத்தனை பிள்ளைகளும் பளிச்சென்று "ஈ" காட்டிக்கொண்டிருந்தார்கள். மனிதர் குச்சியை வாங்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். துப்பினார், விளக்கினார், கொப்பளித்தார், திரும்பி வந்து பணிவாக மறுபடியும் காட்டினார். "பரவால்ல. நாளைக்கி நாக்கையும் வழிச்சிட்டு வாங்க" என்று சவேரியம்மாள் வழிவிட்டாள்.

மூச்சை விடவும் பயந்து நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டர் ஹெட்மாஸ்டரிடம் திரும்பினார். "இவரை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிடறேன். இல்லேன்னா அந்தப் பொண்ணுக்கு என்னால பதில் சொல்ல முடியாது ஓய்!"

அப்படியாக எனக்கு வேலை நிரந்தரமானது. ஆட்காட்டி விரலில் செல்லமுத்து போட்ட தழும்பும் கூடவே நிரந்தரமானது.