ஃபிலிம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் தரங்கம்பாடியில் ஒரு பெண் கடலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். படகுக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அண்ணன் வரவேண்டும், புருஷன் வரவேண்டும், மீன் வரவேண்டும். ஏதோ ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது, நிற்கிறாள், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய சலுகை என்பது பெங்களூருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இங்கே ஏரிக்கரையில் ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் போதும், யாராவது வந்துவிடுவார்கள். "ஏனாய்த்தம்மா?" என்று, என்னவோ நடந்துவிட்டதுபோலப் பதறிக் கேட்பார் ஒருவர். வழி தவறிவிட்டதா என்று தமிழில் விசாரிப்பார் இன்னொருவர். ஒருமுறை ஒரு பெரியவர், நான் தண்ணீரில் குதிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று தானே முடிவுகட்டி, என் பள்ளிக்கூட வாசல்வரை பின்னாலேயே நடந்து வந்து, நான் உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் திரும்பினார். நல்ல மனிதர். ஆனால் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

உள்ளூர்க்காரர்கள் தண்டு என்று சொல்லும் கண்டோன்மென்ட் பகுதியில், ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியை. வளாகத்திலேயே தங்கல். ஓர் அறைக்கு மூன்று பேர். ஒருத்தி குறட்டை விடுவாள், மற்றவள் குறட்டை நின்றதும் எழுந்து சத்தமாக ஜெபம் பண்ணுவாள். மணி அடித்தால் எழவேண்டும், மணி அடித்தால் சாப்பிடவேண்டும். முப்பத்துமூன்று வயதில் கல்யாணம் ஆகாமல் இருப்பவள் என்பதால், என்னைத் தனியாக விடக்கூடாது என்று எல்லாரும் அன்போடு தீர்மானித்திருந்தார்கள். அந்த அன்பிலிருந்து வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தப்பித்து ஓடவேண்டும் என்றுதான், ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் தொம்மலூர் ஏரிக்கு நடக்க ஆரம்பித்தேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு கேமரா. முன்பு எங்களுக்குத் தலைமையாசிரியையாக இருந்த துரைசானி, ஓய்வுபெற்றுச் சீமைக்குப் போகும்போது தன் பெட்டிக் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் தபால்தலை அளவு கண்ணாடியைக் குனிந்து பார்க்கவேண்டும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் தடவை ஏரிக்குப் போன அன்றே வித்தியாசம் தெரிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். போட்டோ பிடிக்கிற அம்மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலை இருக்கிறவளிடம் என்ன கேட்பது? ஒரு புங்க மரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றேன். மூடுபனி தண்ணீரைவிட்டு மெல்ல எழுந்து போனது. நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு கோரைக்குள் நுழைந்தது. அக்கரையில் கேழ்வரகு வயல் ஈரமாக மின்னியது. நான் பெங்களூருக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது; இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது. ஊரில் கடல் என்னை எப்போதும் தூரத்துக்கு இழுக்கும். இந்த ஏரி அப்படியெல்லாம் இழுக்கவில்லை, கிட்டத்தில் இருப்பதைப் பார் என்றது.

உலகச் சண்டை வந்தது. அரிசி குறைந்தது, மண்ணெண்ணெய் குறைந்தது, கடைசியில் ஃபிலிமும் கடைகளிலிருந்து காணாமல் போனது. என்னிடமிருந்த கடைசிச் சுருளின் எட்டாவது படத்தை ஒரு மீன்கொத்திக்குக் கொடுத்தேன். அது நான் பொத்தானை அழுத்துவதற்குள் பறந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு நடந்தேன். ஏரிக்கரை ஏறுவதற்குள் இரண்டு பேர் விசாரித்துவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு, வெறும் பெட்டியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும்: ஃபிலிம் இல்லாமல் போன பிறகுதான் நான் நன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். எட்டுக்குள் அடக்கவேண்டும் என்ற கஞ்சத்தனம் போய்விட்டது. ஒரே கொக்கை நூறு தடவை எடுத்தேன். நூறும் கண்ணாடியில் விழுந்து அப்படியே மறைந்தன. அப்படி மறைவதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த இரண்டு மணி நேரம் நான் யாருக்கும் டீச்சர் இல்லை, யாருக்கும் கவலை இல்லை.

ஏரிக்கரையை ஒட்டிக் கீரை போட்டிருந்தவள் ஹனுமக்கா. கீரையைத் தண்டில் வீடு வீடாக விற்றுப் பழகியதால் தமிழ் பேசுவாள், நடுநடுவே கன்னடம் கலக்கும். என்னைக் கண்டால் ஒரு கும்பிடு, அதோடு சரி. அவளும் பேச்சை மிச்சம்பிடிக்கிறவள் என்பதால் எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரு ஞாயிறு, அவள் பாத்தியைவிட்டு எழுந்து என்னை நோக்கி வந்தாள். பின்னால் அவள் மகன் நஞ்சப்பா. பத்தொன்பது வயது இருக்கும். நீலச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை.

"டீச்சரம்மா, நம்ம ஹுடுகன் பட்டாளத்துல சேர்ந்துட்டான். புதன்கிழமை கேம்புக்குப் போறான். அப்புறம் எங்கே அனுப்புவாங்களோ தெரியல. ஒந்தே ஒந்து போட்டோ புடிச்சுக் குடுங்கம்மா."

ஃபிலிம் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அப்படியானால் இத்தனை மாதமாக இந்தப் பெட்டியில் என்ன பிடித்தாய் என்று கேட்பாளே. இவள் கேட்டால் மாடு மேய்ப்பவர் கேட்பார், அவர் கேட்டால் தொம்மலூரே கேட்கும். டீச்சரம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பள்ளிக்கூடம்வரை செய்தி போகும். என் ஞாயிற்றுக்கிழமை என்னைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். "நில்லப்பா," என்றேன். நஞ்சப்பா விறைத்து நின்றான். நான் குனிந்து பார்க்கும்போது, ஹனுமக்கா என்ன நினைத்தாளோ, ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்று முந்தானையைச் சரிசெய்து, அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கேமரா முன்னால் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன். கிளிக் என்றது. இருவரும் மூச்சு விட்டார்கள். அன்று ஆராதனையில், 'நில்லப்பா' என்று ஏமாற்றிய அந்த வாயோடுதான் கீர்த்தனை பாடினேன்.

"போட்டோ வந்துச்சா டீச்சரம்மா?" என்று அடுத்த ஞாயிறு கேட்டாள். கழுவப் போட்டிருக்கிறேன் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள், கையில் ஒரு கட்டு கீரையோடு. கீரையை வாங்கிக்கொண்டேன், அதைப்போலக் கனமான கீரையை நான் சுமந்ததில்லை. மூன்றாம் ஞாயிறு ஏரிப் பக்கமே போகவில்லை. அடுகோடிப் பக்கம் நடந்தேன், அல்சூர்ப் பக்கம் நடந்தேன். மரங்கள் இருந்தன, நிழல் இருந்தது, பறவைகளுக்கும் குறைவில்லை. குனிந்து பார்த்தால் கண்ணாடியில் அவர்கள் இருவரும்தான் நின்றார்கள். தனிமைக்காகத்தான் பொய் சொன்னேன். கிடைத்த தனிமையில் என்னோடு இருக்க எனக்கே பிடிக்கவில்லை.

கடைசியில் தண்டுக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஃபிலிம் கேட்டதும் ஸ்டூடியோக்காரர் சிரித்தார். "சண்டை முடியட்டும்மா, பாக்கலாம். இப்போ பட்டாளத்துக்குப் படம் புடிக்கத்தான் எனக்கே அளந்து குடுக்கறாங்க." எந்தப் பட்டாளம் என்று விசாரித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுக்க, நஞ்சப்பா இருந்த கேம்புக்கே அவர் போகவிருந்தார். அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அந்நிய மனிதர் முன்னால் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் பையனுடைய பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதித் தரச்சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஓர் உறையைக் கொடுத்தார். கூடாரத்துக்கு முன்னால், காக்கி உடுப்பில், தொப்பியோடு, ஒரு சிப்பாய். இவன்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். ஹனுமக்கா மண்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, ஓரங்களை மட்டும் பிடித்து வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். "நம்ம நஞ்சப்பாதான். காதைப் பாருங்க, அவங்கப்பன் காது," என்றாள். என் மனம் லேசாகிக்கொண்டே வந்தது. அப்போது அவள் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கே, டீச்சரம்மா?"

இதற்கு மேல் ஒரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. கேமராவின் முதுகைத் திறந்து அவளிடம் நீட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை, இருட்டுதான். அன்றைக்கும் இல்லை என்றேன். ஃபிலிம் தீர்ந்து பல மாதம் ஆகிறது என்றேன். மன்னித்துவிடு என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த கன்னடத்திலும் சொன்னேன். அவள் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு மகன் படத்தை மடியில் செருகிக்கொண்டு, பாத்திக்குள் இறங்கிக் களை பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு கும்பிடும் இல்லை. நான் போவதை நிறுத்தவில்லை. ஓடி ஒளிந்தது போதும் என்று இருந்தது. கேமராவை மட்டும் எடுத்துப்போகவில்லை. வெறும் கையோடு, எல்லாரும் பார்க்க நின்றேன்.

மூன்றாவது வாரம் அவளே மேலே ஏறி வந்தாள். "அப்போ எதுக்கு டீச்சரம்மா ஞாயிறு ஞாயிறு வந்தீங்க?"

"சும்மாதான். பார்க்க."

"சும்மா வந்தா யாரு பேடா அன்னாங்க? ஏரி என்ன எங்கப்பன் வீட்டுதா?" என்றாள். வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு அந்தக் கண்ணாடியில எங்களைப் பாத்தீங்கல்ல? எப்படி இருந்தோம்?" என்று கேட்டாள். சொன்னேன். நீலச் சட்டையின் மேல் பொத்தான் போடாமல் இருந்தது, பின்னால் புங்க மரம், அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான், நீ அவன் கையைப் பிடித்திருந்தாய், அவனைவிட நீதான் பட்டாளத்துக்குப் போகிறவள்போல விறைத்திருந்தாய். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இப்போதும் பல ஞாயிறுகளில் கேட்கிறாள், நானும் சொல்கிறேன். நஞ்சப்பா இன்னும் திரும்பவில்லை. கடல் தாண்டிப் போயிருக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

முதல் தடவை சொன்ன அன்றுதான் அவள் கேட்டாள்: "உங்க தாயி இருக்காங்களா?" ஊரில் இருக்கிறாள் என்றேன். "அவங்ககிட்ட உங்க போட்டோ இருக்கும், இல்லையா?"

அம்மாவுக்கு இத்தனை வருஷமாக எத்தனையோ படங்கள் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் மரங்கள், தண்ணீர், புல்வெளி. என்னை எடுக்க யார் இருந்தார்கள்? நான் பார்ப்பதை அவள் பார்த்தால் போதாதா என்று இருந்துவிட்டேன். இல்லை என்று சொன்னபோது ஹனுமக்கா என்னைப் பார்த்த பார்வையில், பிள்ளையின் படத்துக்காக நான் அவளைக் காக்கவைத்ததுபோல அம்மாவையும் காக்கவைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

அந்தக் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அம்மா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து படங்களை எடுத்துக் காட்டினாள். "என் படம் ஒண்ணுகூட உனக்கு அனுப்பலையேம்மா," என்றேன். "ஏன், இந்தா இருக்கியே," என்று ஒன்றில் விரலை வைத்தாள். காலை வெயில் முதுகில் விழும்படி நின்று எடுத்த படம். புல்லின்மேல் என் நிழல் நெட்டையாக விழுந்து, ஓரத்தைக் கெடுத்திருந்தது. சரியாக விழாத படம் என்று மன்னிப்புக் கேட்டுத்தான் அனுப்பியிருந்தேன். அதுபோல இன்னும் ஏழெட்டு இருந்தன. கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஏரியும் மரங்களும் வந்தபடியே பளபளவென்று இருந்தன. பெங்களூர்ப் புல்லில் என் நிழல் விழுந்த இடம் மட்டும், அம்மாவின் விரல் பட்டுப் பட்டு, தேய்ந்து வெளுத்திருந்தது.