போடிமெட்டுக்கு வண்டி பார்க்கப் போனோம்

மூன்று சக்கர பைக் வாங்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"மூணு சக்கரந்தான் வேணும்னா வாசல்ல என்ற ஆட்டோ நிக்குதுங்க. அதுல ஏறி உக்காந்துக்குங்க" என்றேன்.

அவர் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் இரண்டு வண்டிகளின் படம் இருந்தது. ஒன்று ஸ்போர்ட்ஸ் மாடலாம், இன்னொன்று டூரிங் மாடலாம். இரண்டில் ஒன்றை விற்கிறார்களாம், போடிமெட்டுப் பக்கம்.

நான் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் என்னைக் கோபக்காரி என்பார்கள். வாயை மூடிக்கொண்டு போனால் ரோட்டில் ஒருவனும் வழி விடமாட்டான், அதனால் அந்தப் பெயர் எனக்குச் சௌகரியம்தான். என் வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரி. தோப்பு தோப்பாகப் பைக்கில் போய்க் குலை பார்த்து விலை பேசுவது அவர் வேலை. காலையில் கிளம்பினால் எல்லை தாண்டிக் கோயமுத்தூர் பக்கத்துத் தோப்புகளையும் பார்த்துவிட்டுத்தான் சோற்றுக்கு வருவார். பைக்கில் ஏறிவிட்டால் மனுசனுக்குப் பாட்டு வேறு வரும்.

நல்லேப்பிள்ளி வயல் ரோட்டில் அவர் விழுந்தது ஒரு மழை நாளில். உழுதுவிட்டுப் போன டிராக்டர் ரோடெல்லாம் சேற்றை அப்பிவிட்டிருந்தது. பைக் இவர் மேலேயே கிடந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. இடது காலில் முட்டிக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனது. செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரியாது, திரும்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு தேங்காய் வியாபாரத்தைப் போனிலேயே நடத்தினார். குலையைப் பார்க்காமல் விலை பேசி ஏமாந்தும் போனார். பாட்டு நின்றுவிட்டது. சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிற பைக்குகளைப் பார்ப்பார்.

நான் தோப்புக்கு ஆட்டோவில் கூட்டிப் போகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வரமாட்டார். "பொண்டாட்டி வண்டியில போயி எறங்கி வெல பேசினா எவன் மதிப்பான்?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் விழுந்த நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டேன். இனிமேல் இந்த மனுசன் ஹேண்டில்பாரைத் தொடவே கூடாது என்று. அவருக்கு வண்டி வேண்டும், எனக்கு அவர் வேண்டும். இந்தத் தகராறோடுதான் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பொள்ளாச்சி, உடுமலை, தேனி என்று மாறி மாறிப் போடி போய், அங்கிருந்து மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் ஜன்னல் பக்கம் குனிந்து ரோட்டையே பார்த்தார். நான் பள்ளத்தைப் பார்த்தேன்.

விற்கிற ஆள் எங்களுக்காகக் காத்திருந்தார். என் தம்பி வயசு இருக்கும். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர், இப்போது டூரிஸ்டுகளுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறார். ஓட்டம் குறைந்துவிட்டதால் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடலாம் என்றிருக்கிறார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. பஸ்ஸுல குலுக்கி எடுத்திருப்பானே" என்று சொல்லிக்கொண்டே தார்ப்பாயை உருவினார்.

ஸ்போர்ட்ஸ் மாடலுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் தடியாக ஒன்று. தரையோடு தரையாக, தவளை குத்தவைத்த மாதிரி இருந்தது. சீட்டு ஒன்றே ஒன்று, அதுவும் ஒருத்தர் உட்காருகிற அளவுக்கு. டூரிங் மாடல் அதற்கு நேர் எதிர். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. பின்சக்கரங்களுக்கு நடுவில் கல்யாண மண்டபத்துச் சோபா மாதிரி ஒரு சீட்டு. முதுகுக்கு மெத்தை, கை வைக்கக் கட்டை, அரிசி மூட்டையையே வைக்கலாம் போல டிக்கி.

"எடது காலுக்கு ரெண்டுலயும் வேலையே கெடையாதுண்ணே. கியர் பூரா கையில, பிரேக்கு வலது காலுல" என்றார் அந்த ஆள். பிறகு என் பக்கம் திரும்பி, "பெருசு குடும்பத்துக்குக்கா. மூணாறு போயிட்டு வந்தாலும் இடுப்பு வலிக்காது. சின்னது ஒத்த ஆளுக்கு. ஆனா ரோட்டப் புடிச்சா விடாது, பாத்துக்கோங்க" என்றார்.

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. வாங்கித்தான் தீருவார் என்றால் பெரியதைத்தான் வாங்க வேண்டும். பின்னால் நான் இருந்தால் இவர் வேகமாகப் போகமாட்டார். போனாலும் இடுப்பில் கிள்ளலாம். இவரோ சின்னதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

எஸ்டேட்டுக்குள் போகிற தனி ரோட்டில் ஓட்டிப் பார்க்க அந்த ஆள் அனுமதி வாங்கி வைத்திருந்தார். தேயிலைக் கொழுந்து ஏற்றிய ஜீப் மட்டும் எப்போதாவது வரும், பார்த்துப் போங்கள் என்றார். இவர் ஹெல்மெட்டை மாட்டினார். வாரை நானே பூட்டிவிட்டேன்.

"மெல்லமாப் போங்க."

"செரி."

"செரின்னு வாயில சொன்னாப் போதாதுங்க."

சின்ன வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஃபாக்டரி ஷெட் வரைக்கும் ரோடு சமதளம், அங்கே நடக்கிற வேகத்தில்தான் போனார். பிறகு முதல் வளைவில் திரும்பி மறைந்தார். கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் பால் ஊற்றாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் குடிக்காமலே கையில் பிடித்திருந்தேன், ஆறிப்போயிற்று. எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ, கால் மாட்டிக்கொண்டதோ என்று என்னென்னவோ ஓடியது. ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று நாலு எட்டு வைத்தபோது சத்தம் திரும்ப வந்தது.

வந்து நிறுத்தினார். நிறுத்தும்போது பழக்கத்தில் இடது காலைத் தரையில் ஊன்றினார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அந்த முகத்தைப் பார்த்தேன். அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். 

"பெருசையும் ஓட்டிப் பாருங்க. நானும் ஏறிக்கறேன்" என்றேன்.

"அது எதுக்கு? பஸ்ஸாட்டம் இருக்குது."

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஏறினோம். சீட்டு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவர் தோளுக்கு மேலே எனக்கு ரோடு முழுக்கத் தெரிந்தது. முதல் இரண்டு வளைவையும் மெதுவாகவே எடுத்தார். பிறகு இறக்கம் வந்தது. இவருக்குத் தைரியமும் வந்துவிட்டது, ஆக்சிலேட்டரை முறுக்கினார். நான் இடுப்பில் கை வைத்தேன். கிள்ளவில்லை, ஏனென்றால் அப்போது இவர் பாட ஆரம்பித்திருந்தார்.

ரோடு இடது பக்கம் வளைந்தது. இவர் பைக்கில் சாய்கிற மாதிரியே உடம்பை இடது பக்கம் சாய்த்தார். வண்டி வலது பக்கம் போனது. இன்னும் சாய்ந்தார். வண்டி இன்னும் வலது பக்கம், பள்ளத்துப் பக்கம் போனது. பாட்டு நின்றது. "ஏய், ஏய்" என்று வண்டியைப் பார்த்துக் கத்தினார். எதிரே கொழுந்து மூட்டைகளோடு ஜீப் வந்துகொண்டிருந்தது. ஜீப்காரர் ஹாரன் அடித்தார். "பிரேக்கு! பிரேக்கு!" என்று நான் அலறினேன். இவர் வலது காலால் மிதித்தார். ஜீப்பும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. வலது பக்கம் எட்டிப் பார்த்தால் தேயிலைச் செடிகளின் தலைதான் தெரிந்தது.

அம்மாடி என்று மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. இவர் வழக்கம்போல இடது காலை இறக்கித் தரையில் ஊன்றியிருந்தார். ஜீப்பைப் பார்த்த பயத்தில் வலது கால் பிரேக்கை லேசாகத் தளர்த்திவிட்டது. வண்டி இறக்கத்தில் மெதுவாக முன்னால் உருண்டது. சின்ன வண்டியில் காலுக்குப் பின்னால் சக்கரம் கிடையாது. இதில் இருந்தது. அது இவர் ஷூவின் குதிகாலில் ஏறிக்கொண்டிருந்தது. இவர் ஜீப்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை.

"பிரேக்க அமுக்குங்க! விட்றாதீங்க! காலு! உங்க காலு!"

அமுக்கினார். நான் குதித்து இறங்கினேன். ஜீப்காரரும் ஓடிவந்தார். பிரேக்கை மெதுவாக விடச் சொல்லி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைப் பின்னால் தள்ள, நான் குனிந்து ஒரு கையால் காலை உருவி எடுத்தேன். ஷூ கிழிந்து குதிகால் தோல் வழன்றிருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சாண் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்குத் திராணி இல்லை.

"என்னண்ணே, எதுத்தாப்புல ஏறி வாறீங்க?" என்று கேட்ட ஜீப்காரர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டி விற்கிறவரை அனுப்புகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

ரோட்டோரக் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பனி எங்களைச் சுற்றி நின்றது. அவர் தன் இடது காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார், "போதும் புள்ள. இனி என்னால ஆவாது. ஊட்டுக்குப் போலாம்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் எதைக் கேட்டேனோ அதை அவரே சொல்லிவிட்டார். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும், பஸ் ஏறிப் போய்விடலாம். மனுசன் வாசலில் நாற்காலியில் இருப்பார், உயிரோடு இருப்பார்.

ஆனால் வண்டி ஏன் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். பின்னால் இருந்து நான்தானே பார்த்தேன். பைக்கிலேயே ஊறினவன் புதிதாக ஆட்டோ எடுத்தால் முதல் வளைவில் வாய்க்காலுக்குத்தான் போவான். எங்கள் ஸ்டாண்டில் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இது காலின் கோளாறே இல்லை. அது தெரியாமல் இந்த மனுசன் தன்னையே கழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.  சொன்னால் நாளைக்கு இவர் ரோட்டில் இருப்பார், நான் தினம் தினம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் இந்த முகத்தோடுதான் மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க. தப்பு காலுல இல்லீங்க. கையில."

நிமிர்ந்தார்.

"எடது பக்கம் திரும்போணும்னா நீங்க எடது கையத் தள்ளறீங்க. வேகத்துல பைக்குன்னா அந்தப் பக்கம் சாஞ்சு திரும்பிரும். மூணு சக்கரம் சாயாதுங்க. எடது கையத் தள்ளினா முன்சக்கரம் வலது பக்கந்தான் போகும். மொத வண்டியில மெதுவாத்தான் போயிருப்பீங்க, அதனால தெரியல."

"நான் எங்க தள்ளினேன்? சாஞ்சேன், அவ்வளவுதான்."

"தள்ளினீங்க. கண்ண மூடிட்டு, வேகமாப் போறதா நெனச்சு எடது பக்கம் திரும்பிக் காட்டுங்க."

கண்ணை மூடினார். காற்றில் ஹேண்டில்பாரைப் பிடித்தார். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. அவருக்குத் தெரியாமலே இடது கை முன்னால் போனது. கண்ணைத் திறந்து அந்தக் கையையே பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பைக் ஓட்டின கை.

"இதப் பழக்கி எடுத்தரலாமா?" என்று கேட்டார். 

"எடுத்தரலாமுங்க. என்ற ஆட்டோவுல நான் பழக்கறேன். மொதல்ல ஆட்டோ, அப்புறந்தான் இது."

வண்டிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "என்னண்ணே, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்துக்கறேன்" என்றார் இவர். பெரிய வண்டியைக் கை காட்டினார். "இதே இருக்கட்டும். அவளும் கூட வரலாமல்லோ."

மனசைக் கொடுத்தது சின்னதுக்கு, கேட்டது எனக்காகப் பெரியதை.  சரி என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், இவர் பாடியதைக் கேட்டும் விட்டேன். கையைப் பழக்கிவிடலாம். ஆனால் நின்றதும் தன்னால் கீழே போகிற அந்தக் காலை யார் பழக்குவது? அதற்குத்தான் எதுவுமே தெரியாதே. பெரியதில் அதன் பின்னாலேயே சக்கரம் இருக்கிறது.

"அது வேண்டாமுங்க. சின்னதே எடுங்க" என்றேன்.

"அதுல ஒத்த சீட்டு புள்ள. நீ எங்க உக்காருவ?"

"நான் உக்காரலீங்க."

அவர் என்னையே பார்த்தார். எங்கே அந்த ஆள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. "என்ற மூஞ்சியில என்ன இருக்குது? காலத் தூக்குங்க, ரத்தம் ஒழுகுது" என்று கத்திவிட்டுக் குனிந்துகொண்டேன்.