குழாயடியில் கிடைத்த நற்பெயர்

மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில், தமிழர்கள் நிறைந்த எங்கள் தெருமுனைக்குக் குழாய் வந்தபோது பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். குழாய்க்குள்ளே வாசர் என்று தோலால் ஆன வளையம் இருக்கிறதாம், அந்த ஜலம் சுவாமிக்கு ஆகாதாம். குடிக்கக் கிணறு, துவைக்கக் குழாய் என்று ஒருவழியாகச் சமாதானம் ஆயிற்று. சுற்றிலும் துவைகற்கள் போட்டார்கள். ஆறே மாதத்தில், நம் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பதைக்கூட அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாகிவிட்டது.

பெண்ணைப் பற்றி விசாரிப்பவர்களும் நேரே அங்கேதான் வருவார்கள். எனக்கு வந்த இரண்டு வரன்கள் குழாயடியோடு திரும்பிப் போயின. குற்றம் என்னுடையதுதான். புடவையை நனைத்துக் கல்லில் போட்டுவிட்டு, அது தானாக வெளுத்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். பக்கத்துத் தெரு மலையாளத்து அம்மா ஒருவர் கை நிறைய முண்டுகளோடு கல்லுக்காகக் காத்து நிற்பார்.

மூன்றாவது வரன் திருநெல்வேலிக்காரர், இங்கே உத்தியோகம். பெண் பார்க்க வந்த இடத்தில் சொஜ்ஜியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அந்த மனிதரை எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்று அழுதேன்.

மறுநாள் காலை பையனின் அம்மா குழாயடிக்கு வந்தார். அத்தனை பேரையும் விட்டுவிட்டு அந்த மலையாளத்து அம்மாவிடமே போய் என்னைப் பற்றிக் கேட்டார். நானும் என் அம்மாவும் இரண்டு துவைகல் தள்ளி நின்றோம்.

“ஆ குட்டியோ? அதினு எப்போழும் மடியாணு.”

மலையாளத்தில் மடி என்றால் சோம்பல். எனக்கு உயிரே போயிற்று.

“எப்பவும் மடியா? இந்தக் காலத்துலே இப்படியும் ஒரு பொண்ணா?” என்று பூரித்துப்போனார் பையனின் அம்மா. எங்கள் தமிழில் மடி என்பது குளித்து, சுத்தமான துணி உடுத்தி, யார் மேலும் படாமல் இருக்கும் ஆசாரம் அல்லவா.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நாங்கள் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

கல்யாணமானதும் மாமியார் எங்களோடேயே இருக்க வந்துவிட்டார். தினமும் விடிவதற்குள் குளித்து, ஈரத்தலையோடு அடுப்பு மூட்டினேன். அவர் மலையாளம் கற்றுக்கொள்ளப்போகும் நாளை நினைத்தால்தான் பயமாக இருக்கும்.

ஒரு வருஷம் தாங்கிற்று. ஒருநாள் குழாயடியில் மாமியார், “மடின்னா இங்கே வேற அர்த்தமாமே?” என்றார்.

துவைத்த புடவையைக் கல்லிலேயே விட்டேன். “இந்த இடமும் போயிடுமோன்னு பயந்துட்டேம்மா” என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என் கல்லில் கிடந்த புடவையை எடுத்துப் பிழிந்தார்.

“என் பிள்ளைக்குக் கோபமே வராதுன்னு உங்காத்துலே சத்தியம் பண்ணினேன். இந்த ஒரு வருஷமா அவன் கோபத்தைப் பார்த்தும் நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”