நாணுவின் சாப்பா

பாலக்காட்டிலிருந்து கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்த அமீருதீன், முதலில் ஜூ டவுன் கிடங்குகளில் மிளகு மூட்டை சுமந்தார். பிறகு கப்பல் வேலைக்குப் போனார். பெருமை பேசத் தெரியாத மனிதர். நமாஸ், வேலை, வீடு, அவ்வளவுதான் அவர் உலகம்.

அந்த நாளில் கப்பல் வேலை கிடைக்கச் சாப்பா வேண்டும். சாப்பா என்பது ஒரு தகட்டு வில்லை. ஆள் எடுக்கும் மூப்பன் காலையில் வந்து, கூடி நிற்கும் கூட்டத்துக்கு நடுவே அதை அள்ளி வீசுவான். பிடித்தவன் பெயர் கணக்கில் ஏறும், அன்று அவனுக்கு வேலை, பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஒருவன் கையை ஒருவன் கடித்துக்கூடப் பிடுங்குவார்கள். இப்படி மனிதர்களை நாய்களாக்கிவிட்டு, தொழிலாளிக்கு ஒழுங்கு போதாது என்று குறைப்பட்ட கனவான்களும் இருந்தார்கள்.

அமீருதீன் குடியிருந்த சுள்ளிக்கல்லில் அடுத்த வீட்டுக்காரன் நாணு. இளவயசு, வாட்டசாட்டமான ஆள். அன்று சாப்பாவைப் பிடித்த கையோடு அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. வெறுங்கையோடு நின்ற அமீருதீனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனான். இது அவர்களுக்குள் வழக்கம்தான். ஆனால் மூப்பன் காதுக்கு எட்டினால், கொடுத்தவனுக்குப் பிறகு வேலையே கிடையாது. அதனால் யாருடைய சாப்பாவோ, அன்று முழுக்க அவன் பெயர்தான் வாங்கிக்கொண்டவனுக்கும்.

மத்தியானம் கப்பலின் அடித்தட்டில் கயிறு அறுந்து, தூக்கிய சரக்குக் கட்டு அமீருதீனின் வலது கையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். உயிர் போகிற வலியிலும் நாணுவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று, "நாணு" என்றார். நாணுவின் பெயரில்தான் அவருடைய நான்கு விரல்களை எடுத்தார்கள்.

நஷ்டஈடு கேட்டபோது கம்பெனி சுலபமாகக் கழன்றுகொண்டது. அடிபட்டவன் நாணு, அமீருதீன் என்ற ஆளையே எங்களுக்குத் தெரியாது என்றது. மனைவி லதீஃபாதான் அவரை வக்கீல் வாஞ்சிநாதனிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வேலை செய்யற நேரத்துல, அந்த வேலையால அடிபட்டா முதலாளி கொடுக்கணும். தினக்கூலிக்கும் அது உண்டு, கேட்டேளா?" என்றார் வக்கீல். "சாப்பா யாரோடதா இருந்தா என்ன? மூப்பன் உம்மகிட்டதானே வேலை வாங்கினான். ஆனா அன்னிக்குக் கப்பல்ல இருந்தது நீர்தான்னு சொல்ல ஆள் வேணும். நாணு வந்து சொல்லட்டும்."

"அவன் சொன்னா அவன் பொழப்பு போயிடும், சாமி," என்றார் அமீருதீன்.

கூட வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் குழந்தை குட்டிகள் இருந்தன, குறை சொல்ல முடியாது. நாணுவிடம் போய்க் கேட்க அமீருதீனுக்கு நாக்கு எழவில்லை. லதீஃபா போய்க் கேட்டாள். அவன் மனைவி அம்மிணி நிறைமாதக்காரி.

"யோசிச்சு சொல்றேன், இத்தா," என்று மட்டும் சொன்னான் நாணு.

எறணாகுளத்தில் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் விசாரணை. கமிஷனர் நாணுவைக் கூப்பிட்டபோது, பின் பெஞ்சில் மூப்பன் உட்கார்ந்திருந்தான். அடிபட்டது நீயா என்று கேட்டார் கமிஷனர். நாணு இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

"எனக்கு விரலெல்லாம் இருக்கு, சாரே. போனது இவரோடது. சாப்பா குடுத்தது நான்தான்."

மூப்பன் எழுந்து வெளியே போனான். அந்தக் கைகளைக் கீழே போடச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அமீருதீனுக்கு. சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள்.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கம்பெனி பணம் கட்டியது. அதை வாங்கி வந்த மறுநாள் காலை, மனசு கேட்காமல் அவர் சாப்பா வீசும் இடத்துக்குப் போய் ஓரமாக நின்றார். கூட்டத்தில் நாணுவும் இருந்தான். வீசியதில் ஒன்றைத் தாவிப் பிடித்தான். மூப்பன் நேராக அவனிடம் வந்து கையை நீட்டினான். நாணு சாப்பாவைத் திருப்பிக் கொடுத்தான்.

திரும்பி வரும்போது அமீருதீனைப் பார்த்துவிட்டான்.

"இக்கா எப்போ வந்தீங்க? சாயா குடிச்சீங்களா?" என்று கேட்டான்.

அமீருதீன் அங்கேயே நின்று அழுதார்.