நான் வரைந்த மூக்கு

தபால் அட்டை அளவில் ஒரு கல்யாண போட்டோ. அதில் இரண்டாவது வரிசையின் கடைசியில், தூணை ஒட்டி, சட்டைப் பித்தான் அளவு முகத்தோடு ஒரு பெண் நிற்பார். அவர் என் அண்ணியின் அம்மா. அண்ணிக்கு எட்டு வயதாகும்போதே இறந்துவிட்டார். அவர் முகம் பதிந்த ஒரே காகிதம் அதுதான். பெரணமல்லூரிலிருந்து அண்ணி எங்கள் ஆரணி வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, புடவை மடிப்புக்குள் வைத்து அதைக் கொண்டுவந்திருந்தார். அதை நம்பி என் கையில் கொடுத்தார்.

எழுபதுகளின் கடைசி அது. பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் இருந்த எனக்குக் கை சும்மா இருக்காது. ஜன்னல் கம்பியில் பாதி பின்னிய ஒயர் கூடை தொங்கும். அதன் கீழே சட்டம் போடக் காத்திருக்கும் கண்ணாடி ஓவியம். கட்டில்மேல் ஒரு கிளிக்கு மட்டும் பூவேலை முடிந்த தலையணை உறை, மூலையில் பாசிமணித் தோரணம், கொடியில் பெயிண்ட் காயும் யாரோ ஒருவரின் மெல்லிய வாயில் ரகப் புடவை. ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்று என்பது என் சித்தாந்தம். தெருவில் யார் எதைக் கேட்டாலும் சரி என்பேன். முடித்துக் கொடுப்பது வேறு விஷயம். “இன்னா பாப்பா, ஆறு வேலைய ஒண்ணா இழுத்துப் போட்டுகினு கீற? எத மொதல்ல முடிப்ப?” என்று அண்ணி சிரிப்பார். “எல்லாத்தையும்தான் அண்ணி” என்பேன்.

இது போதாதென்று அப்பாவின் வேலையிலும் எனக்குப் பங்கு உண்டு. அப்பா பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் எழுதுபவர். கட்டம் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு கட்டமும் தறியில் ஓர் இழை. சிவப்பு மையால் கட்டங்களை நிரப்ப நிரப்ப மாங்காயும் அன்னமும் எழுந்து வரும். அவசர நாட்களில் நிரப்புகிற வேலை எனக்கு வரும். கட்டத்தில் ஏறியது தப்பாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன நம்பிக்கை. வந்த சில வருஷங்களில் அண்ணிக்கும் அது தொற்றிக்கொண்டது.

அண்ணியின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி படையல் போடுவார்கள். சுமங்கலியாக இறந்துபோன பெண்ணுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துக் கும்பிடுவது. அந்தப் படையலில் அம்மாவின் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. அவர்களுடைய அப்பாவும் இறந்துவிட்டார். தம்பிக்கோ, கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போனதால் முகமே தெரியாது. “எனக்கே மறந்துகினு வருது பாப்பா. நீ கட்டம் போட்டு பெருசா வரைஞ்சி குடு” என்றார். என்னிடம் அவர் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

சின்னப் படத்தைப் பெரிதாக்க, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, அந்தத் தாளில்தான் கட்டம் போட வேண்டும். அன்று காலை அப்பாவின் டிசைன் பாதியில் இருந்தது, கூடைக்குக் கைப்பிடி போட்டு வாங்கிப்போக ஆள் வந்து நின்றிருந்தார், கண்ணாடியில் மயிலின் கழுத்து காய்ந்துகொண்டிருந்தது. மயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். கையில் சிவப்பு மைப் பேனா, எதிரில் போட்டோ. மேலே தாள் வைக்க மறந்து, போட்டோவிலேயே கோடு கிழித்துவிட்டேன். மூன்றாவது கோடு அந்த முகத்தின் நடுவே போனபோதுதான் உறைத்தது. பதறி, ஈரப்பஞ்சால் துடைத்தேன். மை இழுகியது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். மையோடு முகமும் வந்துவிட்டது. பித்தான் அளவுக்கு வெள்ளைக் காகிதம் மிஞ்சியது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய் போட்டோவை விறகடுப்பில் போட்டேன். படத்தை ஊகத்தில் வரைய ஆரம்பித்தேன். நெற்றியும் கண்ணும் அண்ணியைப் பார்த்து வந்துவிட்டன. மூக்குதான் வரவில்லை. எதிரில் என் அம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கூரான மூக்கை அப்படியே எடுத்து வைத்தேன்.

அண்ணி வந்து பார்த்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

“எங்கம்மாக்கு மூக்கு சப்பையா இருக்கும்னு நாபகம் பாப்பா.”

அவர் சொன்னதும் எனக்கு நினைவு வந்துவிட்டது. சப்பை மூக்குதான், அகன்ற நாசிதான். தூரிகையால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகியிருக்கும். ஆனால் திருத்தினால் போட்டோ எங்கே என்ற கேள்வி வரும்.

“போட்டோவுல இப்பிடித்தான் இருந்துதுங்க அண்ணி” என்றேன்.

“கட்டம் போட்டுத்தான வரைஞ்ச? அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சி” என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போட்டோவைக் கேட்டபோது, இந்தக் குப்பையில் எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றேன். என் அறையைப் பார்த்த யாரும் அதை நம்பாமல் இருக்க முடியாது. அண்ணி கூடையைத் தூக்கிப் பார்த்தார், தோரணத்தை உதறிப் பார்த்தார், தலையணை உறைக்குள் கைவிட்டுத் துழாவினார். கூடவே நானும் தேடினேன். அப்படி நடித்ததை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

படையலில் அந்தத் தம்பி படத்தின் முன் விழுந்து வெகுநேரம் எழவில்லை. எண்பதுகளின் நடுவில் அவருக்குப் பெண் குழந்தை இருந்தது, ஐந்து வயது. ஒரு விசேஷத்துக்கு நான் அண்ணியோடு பெரணமல்லூர் போயிருந்தேன். குழந்தையைப் படத்துக்குக் கீழே நிறுத்தி, “அக்கா, அம்மா ஜாடை கொஞ்சமாச்சும் கீதா பாரு” என்று அண்ணியிடம் ஆசையாகக் கேட்டார். குழந்தைக்குப் போட்டோவில் இருந்த அதே சப்பை மூக்கு, அதே அகன்ற நாசி.

அண்ணி படத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். “ஊஹூம். இது மூக்கு எங்கேந்து வந்துதோ. எங்கம்மா ஜாடை துளிகூட இல்ல” என்றார். தம்பியின் முகம் வாடிப்போனது. அண்ணி என் பக்கம் திரும்பினார். “நீதான் போட்டோவ நல்லா பாத்தவ. நீ சொல்லு பாப்பா.”

குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தது.

“இல்லதான் அண்ணி” என்றேன்.