பிள்ளையாருக்கும் பந்தயத்துக்கும் ஒரே கேம்

போன வாரம் சிட்னியில், பென்டில் ஹில் ஸ்டேஷன் பக்கத்துச் சிக்னலில் நின்றிருந்தேன். அருகில் ஒரு புத்தம்புது மின்சார யூட் வந்து நின்றது. யூட் உங்களுக்குத் தெரியும்தானே, முன்பாதி கார், பின்பாதி திறந்த தட்டு. பச்சை விழுந்தது, அது போயே விட்டது. சத்தமில்லை, புகையில்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தார். இந்த ஊரில் ஹார்ன் அடிப்பதும் கெட்ட வார்த்தை சொல்வதும் ஒன்றுதான்.

அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு வாசனை ஞாபகத்தில் ஏறியது. கற்பூரமும் பெட்ரோலும் கலந்த வாசனை.

பல வருடங்களுக்கு முன், நான் ஈரோட்டிலிருந்து சிட்னிக்கு வந்த புதிது. கம்ப்யூட்டர் வேலை. குகன் அண்ணா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். செவன் ஹில்ஸில் சின்ன மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் சிரித்தால் வயிறுதான் முதலில் சிரிக்கும். அவர் மனைவி மலர் அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கிறவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார், என் வாடகைப் பேச்சு உட்பட.

அண்ணாவிடம் எட்டு சிலிண்டர் பழைய யூட் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு வேலை. எங்கள் கோயில் அப்போது ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது, சொந்தத் தேர் கிடையாது. திருவிழாவில் யூட்டின் தட்டில் மரச் சப்பறம் ஏற்றி, அதில் பிள்ளையாரை வைத்து, தெருவைச் சுற்றி வருவார்கள். இன்னொரு வேலை, மேற்கே உள்ள பந்தயத் தடத்தில் சனிக்கிழமைகளில் கால் மைல் நேராகப் பாய்வது. பதின்மூன்று விநாடிக்குள் அந்தக் கால் மைலைக் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அண்ணாவின் வாழ்நாள் ஆசை. பிள்ளையாரை வேறு எவருடைய வண்டியிலும் ஏற்றிவிடக் கூடாது என்பதும் அதே அளவு ஆசை.

இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது கேம் ஷாஃப்ட். எனக்கு அப்போது அதைப் பற்றித் தெரிந்தது, அது எஞ்சினுக்குள் எங்கோ இருக்கிறது என்பது மட்டும். அண்ணாதான் விளக்கினார். எஞ்சின் மூச்சு விடுகிற வாசல்களைத் திறந்து மூடுகிற இரும்புத் தண்டு அது. உடம்பெல்லாம் வரிசையாக முட்டை வடிவ மேடுகள். மேடு பெருத்திருந்தால் வாசல் நெடுநேரம் திறந்திருக்கும். வேகமாக ஓடும்போது எஞ்சின் நெஞ்சு நிறைய மூச்செடுத்துப் பாயும். மெதுவாகப் போகும்போதோ அதே எஞ்சினுக்கு மூச்சுத் திணறும், இருமும், உதறும்.

அண்ணா பெரிய மேடு வைத்ததையே வாங்கி வந்தார். விற்றவர் ரஃபீக் நானா (நானா என்றால் அண்ணன்), லிட்கம் பகுதியில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், அண்ணாவின் பந்தயக் கூட்டாளி. இருவரும் அதைத் தேர்ந்தெடுத்த முறை விஞ்ஞானபூர்வமானது. தடத்தில் ஒரு வண்டி நின்றபடியே குதிரை மாதிரிக் கனைத்ததாம். அந்தச் சத்தத்துக்கு மயங்கி, அதே கேம். மாட்டி முடித்து முதல்முறை உயிர்கொடுத்தபோது ஷெட்டின் தகரமெல்லாம் நடுங்கியது. நானும் கைதட்டினேன். எனக்குச் சத்தம் போதும்.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு ஒத்திகை நடக்கும். இது மலர் அக்கா போட்ட சட்டம். ஆளில்லாத தொழிற்பேட்டைத் தெருவில், சப்பறத்தின் எடைக்குப் பதிலாகப் பென்டில் ஹில் கடையிலிருந்து வாங்கிய அரிசி மூட்டைகள். அவற்றின் உச்சியில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய பித்தளைக் குடம். ஒரு சொட்டு சிந்தினாலும் வண்டி தேறவில்லை என்று அர்த்தம். தவில்காரர் நடக்கிற நடையில் அக்கா முன்னால் நடப்பார். ஐயர் இடத்தில் நான், குடத்துக்குப் பின்னால் கீழே தட்டில் சம்மணம் போட்டு.

புறப்பட்ட இடத்திலேயே வண்டி ஒரு தும்மல் தும்மியது. குடம் ஆடியது. எஞ்சின் ஒழுங்காக மூச்சு இழுத்தால்தான் பிரேக் இலகுவாகும்; இப்போது அது கல்லாக இறுகிவிட, அண்ணா ஓங்கி மிதிக்க, வண்டி குனிந்து நிமிர்ந்தது. சின்ன ஏற்றத்தில் எஞ்சின் அணைந்தே போனது. மறுபடி கிளப்பியபோது அக்காவைத் தாண்டிப் பாய்ந்துவிட்டது. குடத்துத் தண்ணீர் முழுக்க என் தலையில். பிள்ளையாருக்குப் பதிலாக எனக்கு அபிஷேகம் நடந்த ஒரே நாள் அது.

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் சொட்டிய நான் கூட. அதற்கு முந்தின வருடமே கோயில் தலைவர், வாடகைக்கு ஒரு லாரி பார்க்கலாமே என்று சொல்லிப் பார்த்திருந்தார். வண்டி தேறாவிட்டால் பிள்ளையார் லாரியில்தான்.

அண்ணா வண்டியை விட்டு இறங்கி, அரிசி மூட்டையில் சாய்ந்து நின்றார். அக்கா திரும்பி நடந்து வந்தார்.

"நீங்கள் உங்கட ஆசைக்கு அளவெடுத்துக் கேம் வாங்கியிருக்கிறியள். வண்டிக்கு அளவெடுக்கேல்லை."

அண்ணா ஷெட்டுக்கு வந்ததும் எஞ்சினின் முன்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் அந்த மனிதர் மேல் உள்ள மரியாதை அந்த நிமிடத்தில் வந்ததுதான். ஆசைப்பட்டு வாங்கிய பொருளை, அதன் பளபளப்பு மங்கும் முன்னாலேயே, முகம் சுளிக்காமல் வெளியே எடுக்க எத்தனை பேரால் முடியும்? நான் தப்பான அளவில் வாங்கிய செருப்பையே இரண்டு வருடம் போட்டுத் தேய்த்தவன்.

அதன் பிறகுதான் அவர்கள் சரியான கேள்விகளைக் கேட்டார்கள். வண்டி எவ்வளவு கனம், பின்சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரம் என்ன கணக்கு, வருடத்தில் பெரும்பாலும் எந்த வேகத்தில் போகிறது. அக்கா கேட்க, அண்ணா சொல்ல, கடைசியில் நடுத்தரமான ஒரு கேம் போதும் என்று வந்து நின்றது. கூடவே அந்தப் பல்சக்கரத்தையும் மாற்றினால், புறப்படும்போது நன்றாக இழுக்கும். அந்தக் கேமை எடுத்துக் கொடுக்கும்போது ரஃபீக் நானாவுக்கு மனசே வரவில்லை.

"என்ன குகன், பால் வண்டிக்கா மாட்டப் போற?"

"பால்குடமும்தான் ஏத்துறனான்" என்றார் அண்ணா.

திருவிழா அன்று குடம் வைத்திருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. புதுக் கேமுக்கும் லேசான ஒரு நொண்டல் இருந்தது. டுக், டுக்டுக், டுக். முதல் தெரு முனையைத் தாண்டுவதற்குள் தவில்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். திரும்பி எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டியபடியே வாசித்தார். வெறுங்காலோடு பின்னால் வந்த ஆன்ட்டிகளும் அதே கணக்கில் நடந்தார்கள். கற்பூரம், பெட்ரோல், வெயில். நான் சொன்ன வாசனை அதுதான்.

அடுத்த சனிக்கிழமை பந்தயத் தடம். அண்ணா ஓட்டினார், பதின்மூன்றுக்கு ஒரு மயிரிழை மேலே. டயர் காற்றைக் குறைத்தார், அதேதான். ஸ்பேர் டயரை இறக்கினார், அதேதான். இனி வண்டியில் குறைக்கிற கனம் எதுவும் இல்லை என்று அவர் சொன்னபோது, நாங்கள் எல்லாரும் அவருடைய வயிற்றைப் பார்த்தோம். பார்க்காத மாதிரியும் நின்றோம்.

மலர் அக்கா கூந்தல் கிளிப்பைக் கழற்றி என் கையில் தந்தார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

"இறங்குங்கோ" என்றார் கணவரிடம்.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி தயங்காமல், இருமாமல், ஒரே இழுப்பில் போனது. நேரம் காட்டும் பலகையில் பன்னிரண்டில் தொடங்கும் எண் வந்தபோது அண்ணா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ரஃபீக் நானா, பால் வண்டி என்று சொன்ன அதே வாயால், அந்தக் கேமைத் தேடிக் கொடுத்ததே தான்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். நான் கிளிப்பைப் பிடித்தபடி நின்றேன். அன்றைய பந்தயத்தில் என் பங்கு அது.

இப்போது அண்ணாவும் அக்காவும் மகளோடு மெல்பர்னில் இருக்கிறார்கள். யூட்டை யாரோ வாங்கிப் போனார்கள். செவன் ஹில்ஸ் ஷெட்டில் யாரோ குளியலறை ஓடு விற்கிறார்கள். கோயிலுக்குச் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது. கப்பலில் வந்த தேர், வடம் பிடித்து இழுக்கிறோம். அழகான தேர், குறை சொல்ல முடியாது.

இந்த வருடம் தேர் நிலைக்கு வந்தபின் அதே பழைய தவில்காரரிடம் போய், வாசிப்பு பிரமாதம் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேரின் சக்கரங்களைப் பார்த்தார்.

"ஓம் தம்பி. ஆனால் இப்ப தாளம் முழுக்க நானே பிடிக்க வேண்டிக் கிடக்கு."