மாதுளை மரத்துக் காவல்காரர்

பல வருடம் தாவரவியல் படிப்பித்த நான், என் வீட்டு மாதுளையைக் காக்கும் பொறுப்பை அதன் எதிரிகளின் கூட்டாளிகளிடமே ஒப்படைத்தேன். அதிலும் சம்பளத்தோடு.

புளியந்தீவில் மெதடிஸ்தக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டு விளைச்சலைக் கோயிலில் படைப்போம். பிறகு எல்லாம் ஏலம் போகும். எங்கள் பள்ளிக் கணக்கு மாஸ்டர் தன் பூசணிக்காயோடு வந்து பெயர் வாங்குவார். நான் கடையில் வாங்கிய வாழைக்குலையோடு போவேன். அந்த வருடம் சபைக் கூட்டத்தில் எழும்பி, என் மரத்து முதற்பழம் ஒரு கூடை தருவதாகச் சொல்லிவிட்டேன்.

"மாதுளையா மாஸ்டர்? காய்க்கட்டும், பாப்பம்," என்றார் அவர்.

பிஞ்சு பிடித்த கையோடு, தளிர்களில் மாவு அப்பியதுபோல் வெள்ளைப் பூச்சிகள் வந்தன. பின்னாலேயே கறுப்பெறும்புகள் வரிசையாக ஏறின. பூச்சியைத் தின்னத்தான் போகின்றன என்று தீர்மானித்து, உற்சாகப்படுத்த அடிமரத்தில் சீனி தூவினேன்.

"ரேசன் சீனிய எறும்புக்குப் போடுறீங்க," என்றாள் மனைவி. "மறுகா தேத்தண்ணிக்கு என்ன செய்யிற?"

பிஞ்சுகள் வாடி விழத் தொடங்கின. மரத்தடியில் பேப்பர் வாசித்தால் மூக்குக்கண்ணாடி பிசுபிசுத்தது. பனி என்று துடைத்துக்கொண்டேன். ஒருநாள் சந்தேகம் வந்து ஒரு இலையை நக்கிப் பார்த்தேன். இனித்தது.

மனைவி குசினி வாசலில் நின்றாள். "பசியெண்டா சொல்லியிருக்கலாமே."

கரும்பலகையில் நான் எத்தனையோ முறை கீறிய தண்டின் வெட்டுமுகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காழில் தண்ணீர் ஏறும். உரியத்தில் இலை சமைத்த சர்க்கரை ஓடும். பூச்சி தன் ஊசி வாயை உரியத்தில் இறக்கினால் சாறு அமுக்கத்தில் தானே பாயும். தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைப் பின்பக்கத்தால் விடும். அதை நக்கத்தான் எறும்புகள் ஏறின. பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டியதும் அவைதான். நான் நக்கியது எதுவென்று விளங்கியதும் வாய் கொப்பளித்தேன்.

அடிமரத்தில் சீலைத்துண்டைச் சுற்றி, சைக்கிள் கிறீஸை அப்பினேன். மதிலைத் தொட்ட கிளையை வெட்டினேன். எறும்புப் படை கீழே நின்று தவித்தது. புள்ளி வண்டுகள் வந்து விருந்துண்டன. எஞ்சிய பிஞ்சுகள் உருண்டு, திரண்டு, சிவந்தன.

பண்டிகையன்று கூடையை உயர்த்திப் பிடித்தேன். ஒரு பழம் வெடித்து முத்துக்கள் தெரிந்தன. போதகரே எட்டிப் பார்த்தார். ஏலம் பூசணிக்காயைத் தாண்டியபோது சபை கைதட்டியது. கடைசிவரை விடாமல் கேட்டு எடுத்தவர் கணக்கு மாஸ்டர்தான். எதிரியே என் பழத்துக்கு மயங்கினார் என்ற பெருமிதத்தோடு கூடையை நீட்டினேன்.

"மனிசிக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது மாஸ்டர்," என்றார் தாழ்ந்த குரலில். "மேல்கோது அவிச்சு மருந்தாக் குடுக்கத்தான் எடுத்தநான். உள்ளுக்குக் கிடக்கிற முத்து வேணுமெண்டா நீங்களே வச்சுக்கொள்ளுங்க."